போடுவது சுலபம், எடுப்பதுதான் பாடு

பிரசவமானதும் கருப்பையில் காப்பர்-டி கருத்தடைச் சாதனம் போடும் அரசு மருத்துவமனை வழக்கத்தைக் குறை சொல்லுமுன் அதன் நியாயத்தையும் பார்க்க வேண்டும். நஞ்சு விழுந்த பத்து நிமிடத்தில், தவறினால் 48 மணி நேரத்துக்குள், போட்டுவிடலாம். இதற்கென்று இன்னொரு நாள் பஸ் ஏற வேண்டாம். ஹார்மோன் இல்லாததால் தாய்ப்பாலுக்குப் பாதிப்பில்லை. 380ஏ வகை பத்தாண்டு தாங்கும்; எடுத்துவிட்டால் மறுபடி கருத்தரிக்கலாம். அடுத்த பிள்ளைக்கு இடைவெளி தேடும் பெண்ணுக்கு இதைவிடத் தோதான வழி குறைவு.

ஆனாலும் 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 சதவீதத்தினர் நம்பியிருப்பது குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனைத்தான். ஆண்களின் அறுவை 0.1 சதவீதம்! நெருக்கடி நிலைக் கால வற்புறுத்தலுக்குப் பிறகு ஆண்களைத் தொட அரசுகள் தயங்கின. சுமை முழுக்கப் பெண்கள் தலையில் விழுந்தது. 'ரெண்டு போதும், ஆபரேஷன் பண்ணிடு' என்று வீட்டார் சொல்வதற்கும் பெரிய எதிர்ப்பு எழுவதில்லை.

அப்படியானால் காப்பர்-டி ஏன் பிடிக்கவில்லை? 'உள்ளே ஏறிப்போய்விடும்' என்ற பயத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுவார்கள். அதில் பாதி அனுபவம். பிரசவத்தையொட்டி, அதுவும் சிசேரியனின்போது போட்டால், அதன் நூல் பல சமயம் கண்ணுக்குத் தட்டுப்படாது. ஸ்கேன் பார்த்துத்தான் இருக்கிறதா என்று சொல்ல முடியும். தானாக வெளியே வந்துவிடுவதும் மற்ற நேரத்தில் போடுவதைவிட அதிகம். முதல் சில மாதங்கள் உதிரப்போக்கு கூடும். அதே ஆய்வின்படி பாதிக்கு மேற்பட்ட தமிழ்நாட்டுப் பெண்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. அவர்களிடம் 'போகப்போகச் சரியாயிடும்மா' என்பது ஆறுதலாகாது.

இதையெல்லாம் கர்ப்பகாலப் பரிசோதனையிலேயே நிதானமாகப் பேச வேண்டும் என்பதுதான் விதி. நடைமுறையில் வலி எடுத்த பிறகு நீட்டப்படும் தாளில் கையெழுத்து வாங்குவதாகவும், கேட்காமலே போட்டுவிடுவதாகவும் புகார்கள் உண்டு. இந்த முறையின் பலமான அந்த நேரமே இங்கே பலவீனமாகிறது.

எனக்கு இன்னும் பெரிய குறையாகப் படுவது எடுக்கும் இடம். போடுவதற்கு ஊக்கத்தொகை உண்டு, இலக்கும் உண்டு. எடுக்கச் சொல்லி வருபவளுக்குக் கிடைப்பது, 'கொஞ்ச நாள் பொறுத்துப் பாரு', 'வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா'. அலைந்து சலித்தவள் தனியாரிடம் காசு கொடுத்து எடுத்துக்கொள்கிறாள். அடுத்த பிரசவத்தில் அவளே ஆபரேஷன் கேட்டால், அதை அவள் விருப்பம் என்று பதிவேட்டில் எழுதிக்கொள்கிறோம்.