திசை மாறும் அதிகாரம்

உலக அதிகாரம் மேற்கிலிருந்து கிழக்கிற்குப் பெயர்கிறதா என்னும் வினா புதிதன்று. கே. எம். பணிக்கர் 1953-இல் வெளியிட்ட 'ஆசியாவும் மேலை ஆதிக்கமும்' என்னும் ஆங்கில நூலை நாம் மீண்டும் படித்தோம். 1498-இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்ததோடு தொடங்கிய ஆதிக்கக் காலம், 1947-இல் ஆங்கிலேயர் இந்தியாவை விட்டு நீங்கியதோடும், 1949-இல் ஐரோப்பியக் கடற்படைகள் சீனத்தை விட்டு அகன்றதோடும் முடிவுற்றது என்கிறார் அவர். கடலை ஆண்டவரே கரையையும் ஆண்டனர் என்பது நூலின் அச்சாணி. மறைப்பணி அந்த ஆதிக்கத்தின் நிழலில் நின்றது என அவர் கூறுவது நமக்குக் கசப்பினும் கேட்கத்தக்கதே.

நூலின் குறை வேறிடத்தில் உள்ளது. ஆசியாவைப் பெரிதும் ஒரே தரப்பாக நோக்கிய அவர், கிழக்கினுள்ளேயே வலியவரும் எளியவரும் பிரியும் நாளைப் போதிய அளவு எண்ணவில்லை. 1898-இல் ஹாங்காங்கை ஒட்டிய நிலப்பகுதியைச் சீனத்திடமிருந்து பிரிட்டன் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. 2017-இல் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீன நிறுவனம் ஒன்று பெற்றதும் 99 ஆண்டுக் குத்தகைக்கே. முன்னது படைபலத்தின் அழுத்தத்தால் விளைந்தது. பின்னது கடன்சுமையின் நடுவே கையெழுத்தானது.

அதிகாரத்தின் திசை மாறிவருவதை நாம் மறுக்கவில்லை. எளியவர் கொடுக்க வலியவர் பெறும் முறை மாறும்வரை, பணிக்கர் கூறிய காலம் முற்றிலும் முடிந்தது என நம்மால் எழுத இயலாது.