பெட்டியடிப் பாடம்

ஊரிலிருந்து ஒரு பையனை அழைத்துவந்து, கடையிலே தங்கவைத்து, முதலில் கூட்டிப் பெருக்கவும் சரக்கு எடுத்துக் கொடுக்கவும் விட்டு, பிறகு அளக்கவும் நிறுக்கவும் பழக்கி, நம்பிக்கை பிறந்த பின் கல்லாவில் உட்காரவைத்து, கடைசியில் அவனுக்கென்று ஒரு கடை வைத்துக்கொள்ளக் கைகொடுப்பது தமிழ் வணிகர் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டுவரும் முறை. 2024ஆம் ஆண்டில் ஸ்ரீவிஜயபுரம் என்று பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேயரில், மணிக்கூண்டை ஒட்டி நெருங்கி நிற்கும் அபர்டீன் பஜாரின் தமிழர் கடைகளிலும் இம்முறை வேரூன்றியிருக்கிறது. தலைமைப் பண்பை வகுப்பறையில் லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கிக் கற்பிக்கும் இக்காலத்தில், கட்டணமின்றி நடந்துவந்த இந்தப் பயிற்சி மனிதனை எவ்வளவு தூரம் வளர்க்கிறது, எந்த இடத்தில் அவனை நிறுத்திவிடுகிறது என்று பரிசீலிப்பது பிரயோஜனமுள்ள காரியமாகும்.

இம்முறையின் மிகத் திருத்தமான வடிவத்தை நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் நடத்திய வட்டிக்கடைகளில் காண்கிறோம். பணப்பெட்டியருகே சிறு வேலைகள் பார்க்கும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, அனுபவம் முதிர்ந்தபின் மேலாளாக உயர்ந்து, முதலாளி செட்டிநாட்டிலேயே இருக்க, அவர் எழுதிக்கொடுத்த முக்தியார்நாமா என்ற அதிகாரப் பத்திரத்தின் பலத்தில் கடல்கடந்த கடை முழுவதையும் நடத்தினான். தவணை பெரும்பாலும் மூன்று ஆண்டு. சம்பளம் இவ்வளவு, முன்பணம் இவ்வளவு என்பது சம்பளச் சீட்டில் முன்னதாகவே எழுதப்பட்டது.

இம்முறையின் முதற் சிறப்பு, பொறுப்பு படிப்படியாகக் கைமாறுவது. பிறர் பணம் தினந்தோறும் தன் கையில் புரளும்போது அதில் ஒரு காசையும் தனதென்று எண்ணாதிருக்கும் நெறியை உபதேசத்தால் ஊட்ட முடியாது. மாலையில் இருப்பும் பேரேடும் ஒத்துவரவேண்டும் என்ற நித்திய நிர்ப்பந்தமே அதைச் சுபாவமாக்குகிறது. அபர்டீன் பஜாரில் இதனோடு வேறு இரண்டு பாடங்களும் சேர்கின்றன. வங்காளியும் தெலுங்கரும் நிக்கோபாரியரும் ராஞ்சிப் பக்கத்திலிருந்து குடியேறியவர்களும் வாடிக்கையாளராக வரும் அவ்விடத்தில், தமிழ் மட்டுமே அறிந்து வந்த பையன், எல்லாருக்கும் பொதுவாகிவிட்ட அந்தமான் இந்தியைப் பேசப் பழகி, தன் வழக்கங்களுக்குப் புறம்பான மனிதரையும் மதிக்கக் கற்றுக்கொள்கிறான். அன்றியும், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள சென்னையிலிருந்து கப்பலில் வரவேண்டிய சரக்கு, மழைக்காலக் கடலின் கொந்தளிப்பால் தாமதப்படக்கூடும் என்பதால், நாளை எது தேவைப்படும் என்பதை இன்றே ஊகித்துக் கொள்முதல் செய்யும் முன்யோசனை அங்கே உயிர்நாடியாகிறது. ஆட்களை நடத்தப் போகிறவனுக்கு இவற்றைவிடத் தகுந்த ஆரம்பப் பாடங்கள் அரிது.

ஆயினும், இம்முறை தலைவர்களை உண்டாக்கியது என்று பெருமை பேசுவோர் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. கடைப்பழக்கம் நேராகக் கற்பித்தது கீழ்ப்படிதலையே. முதலாளி சொன்னதை ஏனென்று கேட்பவன் அடங்காதவன் என்றே பெயரெடுத்தான். பின் ரங்கூன் மேலாளுக்குச் சுயமாகத் தீர்மானிக்கும் தைரியம் எங்கிருந்து வந்தது? கடலின் தூரத்திலிருந்து வந்தது என்பதே என் அபிப்பிராயம். கடிதம் எழுதி உத்தரவு வரும்வரை காத்திருந்தால் சந்தர்ப்பம் கைநழுவிப்போகும். ஆகவே கடன் கொடுப்பதா மறுப்பதா என்பதை அவனே முடிவு செய்து, லாபநஷ்டத்துக்கு அவனே பதில் சொல்லவேண்டியிருந்தது. முதலாளியின் பெருந்தன்மையால் வாய்க்காத சுதந்திரம் பூகோளத்தால் வாய்த்தது. இன்றோ கைபேசி அத்தூரத்தை அழித்துவிட்டது. மதுரையிலோ ராமநாதபுரத்திலோ இருக்கும் முதலாளியிடம் அபர்டீன் கடையில் நிற்பவர் ஒரு தள்ளுபடிக்குக்கூட ஒரு நிமிஷத்தில் அனுமதி கேட்டுவிடலாம். தவறு குறையும் என்பது மெய். தவறு செய்து திருந்தும் வாய்ப்பும் அதனோடு குறைகிறது.

இரண்டாவது குறை, எல்லாரையும் ஒரே அச்சில் வார்ப்பது. கணக்கிலே பிசகாத பர்மா மேலாட்கள் நெல்வயலை ஈடாக வைத்துக் கடன் கொடுக்கும் ஒரே வழியில் ஒருமித்துச் சென்றார்கள். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன் வராமல் நிலமே வந்துசேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் வசமிருந்த நிலம், 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்தது, 1938க்குள் நூற்றுக்கு 25 பங்காயிற்று. வேண்டி வாங்காத அந்நிலம் குடியானவர்களின் வெறுப்பையும் தேடித் தந்து, யுத்தத்தோடும் பின்வந்த சட்டங்களோடும் கைவிட்டும் போயிற்று. ஒவ்வொரு பேரேடும் சரியாயிருக்க, தொழில் மொத்தமும் பிழையாயிற்று. பழகிய வழியைச் சந்தேகிக்கக் கற்பிக்காத பயிற்சி, நல்ல காரியஸ்தரை உண்டாக்கும். ஆபத்தை முன்னறிந்து திசை மாற்றுகிறவரை உண்டாக்குவது அபூர்வம்.

மூன்றாவது, அதன் வாசல் குறுகலானது. உறவு, ஊர், சாதி என்ற அறிமுகத்தோடு வந்தவனுக்கே பெட்டியடியில் இடம் கிடைத்தது. பெண்ணுக்கோ அந்த ஏணியின் முதற்படியும் இல்லை. செட்டியார்கள் எழுதிவைத்த சம்பளச் சீட்டின் ஒழுங்கும் இன்றைய சிறு கடைகளில் பெரும்பாலும் மறைந்து, “பின்னால் பார்த்துச் செய்கிறேன்” என்ற வாய்வார்த்தை அதன் ஸ்தானத்தைப் பிடித்திருக்கிறது. அந்த வார்த்தையை நம்பி வாலிபத்தைக் கழித்தவருக்கு, முதலாளி மனம் மாறினாலோ காலமானாலோ, முறையிட இடமில்லை. குடும்பத் தொழில் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, 14 வயது நிறையாதவரை வேலைக்கு வைப்பதை 2016ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தம் தடுத்தது, பயிற்சி என்ற பெயரால் நடந்த சுரண்டலுக்குத் தக்க பதிலேயாகும்.

எனினும், குறைகளைக் கண்டு முறையையே கைவிடுவது விவேகமாகாது. பொருளோடும் பணத்தோடும் மனிதரோடும் நேரே பழகிப் பெறும் தேர்ச்சிக்கு ஈடாகப் புத்தகக் கல்வி எதையும் தந்துவிடவில்லை. படிப்பு முடித்த வயதில் சேர்த்துக்கொண்டு, காலத்தையும் சம்பளத்தையும் காகிதத்தில் எழுதி, அறிமுகமற்றவருக்கும் பெண்களுக்கும் கல்லாவைத் திறந்துவிட்டால் அதன் அநீதிகள் பெரும்பாலும் நீங்கும். மிகக் கடினமான சீர்திருத்தம் முதலாளியின் மனத்திலேதான் நடக்கவேண்டும்: ஒரு குறிப்பிட்ட தொகைக்குள் கொள்முதல் முழுவதையும் ஊழியரின் தீர்மானத்துக்கே விட்டு, அதில் நஷ்டம் வந்தாலும் பயிற்சியின் செலவென்று தன் கணக்கில் எழுதிக்கொண்டு, கைபேசியை எடுக்காமல் இருக்க அவர் பழகவேண்டும். முன்பு கடல் செய்துகொடுத்த உபகாரத்தை இனி அவரே மனமறிந்து செய்தாலன்றி, அவர் கடையில் வேலை தெரிந்தவர்கள் பெருகலாம். பொறுப்பை ஏற்கக்கூடியவர்கள் பெருகமாட்டார்கள்.