தேர்வு மொழியும் வகுப்பறை மொழியும்: ஒரு திறனாய்வு

மொழியைக் கொண்டு மனிதரைச் சோதிப்பது புதிய வழக்கமன்று. யோர்தான் துறைகளைக் கைப்பற்றிய கிலேயாத்தியர், ஆற்றைக் கடக்க வந்தவர்களை ஒரே ஒரு சொல்லை உச்சரிக்கச் செய்ததை நியாயாதிபதிகள் நூலின் 12ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். 'ஷிபோலேத்' என்பதன் முதல் ஒலி நாவில் எழாத எப்பிராயீமர் பிடிபட்டனர். அக்காலத்தில் 42,000 பேர் மடிந்தனர். கடக்க வருபவன் யார் என்று அறியவே அச்சோதனை வைக்கப்பட்டது. அக்கரை சேர்ந்தவன் அங்கே எவ்வாறு வாழ்வான் என்பது காவலரின் கவலையன்று.

ஆங்கிலம் வழங்கும் நாடுகளின் பல்கலைக்கழக வாயிலில் இன்று நிற்கும் மொழித் தேர்வுகளையும், அவற்றிற்கென அயல்நாட்டு மாணவரை ஆயத்தம் செய்யும் முறையையும் எண்ணும்போது இப்பகுதி நம் நினைவுக்கு வருகிறது. இங்கே உயிர் போவதில்லை. எனினும், வாயிலைக் கடக்கப் பயிற்றுவித்தாலே வகுப்பறைக்குப் பயிற்றுவித்ததாகும் என்னும் எண்ணம் பல மாணவரை இடறச் செய்கிறது. இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேர்வின் அமைப்பு

அமெரிக்காவில் டோஃபெல் தேர்வு 1964இல் முதன்முதலாக நடத்தப்பெற்றது. பிரித்தானியாவில் 1980இல் தொடங்கிய மற்றொரு தேர்வு, 1989 முதல் ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் பெயரில் வழங்குகிறது. பின்னதன் உயர்கல்விப் பிரிவில் வாசிப்புக்கு 60 நிமிடம். மூன்று பகுதிகளைப் படித்து 40 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். எழுதுவதற்கும் 60 நிமிடமே. முதலில் ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ 150 சொற்களுக்குக் குறையாமல் விளக்க வேண்டும். பின்பு ஒரு பொதுப் பொருளைப் பற்றி 250 சொற்களுக்குக் குறையாத கட்டுரை எழுத வேண்டும். பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடத்தில் முடிந்துவிடும்.

இத்தேர்வுகளைப் பழிப்பது நம் கருத்தன்று. சிற்றூர் மாணவரையும் பெருநகர மாணவரையும் ஒரே அளவுகோலால் அளப்பதில் நீதி உண்டு. செல்வாக்குள்ளவரின் பரிந்துரைக் கடிதத்தைவிட இவ்வளவுகோல் மேலானது. நம் வினா வேறு. இத்தேர்வு அளப்பது எது? அளவாமல் விடுவது எது?

250 சொல் கட்டுரையையே நோக்குவோம். மாணவர் தம் சொந்த அறிவிலிருந்தும் அனுபவத்திலிருந்தும் எடுத்துக்காட்டுகள் தந்து தம் கருத்தை நிறுவுமாறு கேட்கப்படுகிறார். அவர் முன் வேறொருவர் எழுதிய நூல் இல்லை. ஆனால் பல்கலைக்கழகக் கட்டுரை பிறரை வாசிப்பதிலேயே தொடங்குகிறது. ஓர் ஆசிரியர் கூறுவது யாது, மற்றொருவர் அதனை ஏன் மறுக்கிறார், இவ்விருவரிடையே மாணவர் நிற்குமிடம் எது, எச்சொல் எவருடையது என்பனவே அங்கே கேள்விகள். முதலாவது, நூல்களின்றிக் கருத்துரைக்கும் கலை. இரண்டாவது, நூல்களோடு வழக்காடும் கலை. முன்னதில் தேர்ந்தவர் பின்னதிலும் தேர்ந்தவர் என்று கொள்வதற்கு இடமில்லை.

இக்குறையை நீக்க டோஃபெல் தேர்வில் ஒரு முயற்சி செய்யப்பட்டது. 2005இல் இணையவழியாக வந்த வடிவத்தில், ஒரு பகுதியை வாசித்து, அதனை மறுக்கும் விரிவுரையைக் கேட்டு, இரண்டையும் இணைத்து எழுதும் பயிற்சி இடம்பெற்றது. வகுப்பறைக்கு மிக நெருங்கிய பயிற்சி அதுவே எனலாம். 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வடிவத்தில் அது இல்லை. தேர்வு எளிதாயிற்று, சுருங்கிற்று என்று மகிழ்வோர் இந்த இழப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மனப்பாடமும் குற்றச்சாட்டும்

தேர்வின் குறையைப் பயிற்சி முறை பெரிதாக்குகிறது. எப்பொருளுக்கும் பொருந்தும் முன்னுரை, எவ்வாதத்தையும் முடித்துவைக்கும் முடிவுரை, இடையில் நிரப்ப வேண்டிய வெற்றிடங்கள் என ஆயத்தச் சட்டங்களை மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். மனப்பாடம் செய்த விடையைத் தேர்வு விதிகள் ஏற்பதில்லை. ஆயினும் பயிற்சி வகுப்புகளில் அப்பழக்கம் ஒழியவில்லை.

நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் வேண்டிய தரநிலையைப் பெற்று மேற்படிப்புக்காகக் கடல் கடந்தார். அவர் எழுதிய முதல் ஆய்வுக் கட்டுரை, "இவ்வாக்கியங்கள் யாருடையவை?" என்னும் ஒரே குறிப்புடன் திரும்பி வந்தது. விளக்கம் கேட்கும் கடிதமும் தொடர்ந்தது. தாம் திருடவில்லை என்று அவர் நமக்கு எழுதியபோது அதனை நம்பினோம். விரிவுரைக் குறிப்புகளைச் சொல் பிசகாமல் திருப்பி எழுதியதற்காக அவருக்கு முதல் மதிப்பெண் கொடுத்தவர்கள் நாமே அல்லவா?

இச்சிக்கலை அலஸ்டர் பென்னிகுக் 1996இல் வெளியிட்ட கட்டுரையில் ஆராய்ந்தார். சீன மாணவர் ஒருவர் எழுதிய ஆபிரகாம் லிங்கன் வரலாறு ஐயத்தை எழுப்பியது. விசாரித்தபோது அது பள்ளியில் நெட்டுருச் செய்த பாடம் என்று தெரிந்தது. மேலை நாடுகள் சொல்லுக்கு உரிமை கொண்டாடும் முறையும் வரலாற்றில் தோன்றிய ஒன்றே என்பது பென்னிகுக்கின் வாதம். நாம் இதனை ஏற்கிறோம். ஆனால் இவ்வாதம் மாணவரைக் காப்பாற்றாது. அயல் வகுப்பறையின் விதியை அவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அதனை அறிவிப்பது ஆயத்தம் செய்வோரின் கடமை.

குறையுள்ளவர் யார்?

ராபர்ட் கப்லான் 1966இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ஆங்கிலச் சிந்தனையை நேர்கோடாகவும் கீழை நாட்டுச் சிந்தனையைச் சுழலாகவும் வரைந்து காட்டியது. அதில் ஒரு பயன் உண்டு. இலக்கணப் பிழையற்ற கட்டுரையும் வாசகருக்கு அயலாகத் தோன்றக்கூடும் என்பதை ஆசிரியர் உணர்ந்தனர். ஆயினும் அது தரும் தீங்கு பெரிது. மாணவர் தம் மரபை ஊனமாகக் கருதத் தலைப்படுகிறார்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிப் பின் அமெரிக்காவில் பேராசிரியரான சுரேஷ் கனகராஜா இதனை மறுக்கிறார். தம் மாணவர் ஆங்கிலப் பாடநூலின் ஓரங்களில் எழுதியவற்றையும் வரைந்தவற்றையும் 1999இல் வெளிவந்த நூலில் அவர் ஆராய்ந்தார். வகுப்பில் மௌனமாயிருந்தவர்கள் ஏட்டின் ஓரத்தில் பாடத்தோடு வாதாடிக்கொண்டிருந்தனர்! பன்மொழி மாணவரின் பின்னணி குறையன்று, மூலதனம் என்பதே அவர் நிலைப்பாடு. இதுவே நமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. எனினும் ஓரத்தில் எழுதும் வாதத்துக்கு மதிப்பெண் இல்லை. அதனை ஏட்டின் நடுவே கொண்டுவரக் கற்பிப்பதே மெய்யான ஆயத்தமாகும்.

செய்ய வேண்டுவன

முதலாவது, சொற்பயிற்சி வாசிப்பினின்று எழ வேண்டும். ஆவரில் காக்ஸ்ஹெட் 2000இல் தொகுத்த பட்டியல் 570 சொற்குடும்பங்களைக் கொண்டது. உயர்கல்வி நூல்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு சொல் இப்பட்டியலைச் சார்ந்தது. அதனை நெட்டுருச் செய்வதால் பயனில்லை. மாணவர் தாம் பயிலப்போகும் துறையின் நூல்களில் அச்சொற்களைச் சந்திக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரு பக்கத்தை வாசித்து, நூலை மூடி, தம் சொற்களில் ஐந்து வரி எழுதி, ஆசிரியர் பெயரைக் குறிப்பிடும் பழக்கம் நாள்தோறும் வேண்டும். மேற்கோளுக்கும் தழுவலுக்கும் உள்ள வேறுபாடு இவ்வகையில்தான் கைவரும்.

மூன்றாவது, வகுப்பறை வழக்கங்களைக் கற்பிக்க வேண்டும். கருத்தரங்க வகுப்பில் பேசாதிருப்பவர் பணிவுள்ளவராக மதிக்கப்படுவதில்லை. வாசிக்காமல் வந்தவராகவே கருதப்படுகிறார். ஆசிரியர் தம் அறையில் மாணவருக்கென ஒதுக்கும் நேரம் தவறிழைத்தவருக்கு மட்டுமென்று எண்ணி, நம்மவர் பலர் செல்வதில்லை. ஐயம் கேட்பதற்கே அந்நேரம் என்பதை எவரேனும் முன்னரே சொல்ல வேண்டும்.

பல்கலைக்கழகங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. கட்டணத்தைப் பெற்று மாணவரைச் சேர்த்தபின், தரநிலைச் சான்றிதழைக் காட்டி, "மொழி அறிந்தவரே அவர்" என்று கைகழுவுவது முறையன்று. ஆயினும் இறையியல் கல்லூரியில் பணிபுரியும் நமது கேள்வி நம் வகுப்பறையிலேயே தொடங்குகிறது. நம் மாணவர் இவ்வாண்டு எத்தனை முறை நம் கூற்றை மறுத்து, சான்று காட்டி எழுதினர்? அவ்வாறு எழுதியவருக்கு நாம் என்ன மதிப்பெண் கொடுத்தோம்? அடுத்த விடைத்தாள் கட்டைத் திருத்த அமரும்போது இதனை நாம் நினைவிற்கொள்வது நலம்.