பழைய மென்பொருளும் பழிசுமக்கும் ஊழியர்களும்

பழைய வணிக மென்பொருளைப் புதுப்பிப்பது தொழில்நுட்ப வேலையே அல்ல, நிறுவனத்தின் கலாச்சாரத்தை மாற்றும் வேலை என்று சொல்லாத ஆலோசகர் இன்று இல்லை. மாநாட்டு மேடையிலும் திட்ட அறிக்கையின் முதல் ஸ்லைடிலும் இதே பேச்சுதான். கூடவே ஒரு புள்ளிவிவரமும் வரும்: மாற்றத் திட்டங்களில் 70 சதவீதம் தோற்கின்றன, காரணம் ஊழியர்களின் எதிர்ப்பு. அந்த 70 சதவீதத்துக்கு ஏற்கத்தக்க ஆதாரம் எதுவும் இல்லை என்று மேலாண்மை ஆய்வாளர் மார்க் ஹியூஸ் 2011-இல் ஓர் ஆய்விதழில் அலசிக் காட்டினார். அதற்குப் பிறகும் அதை மேற்கோள் காட்டுவதை யாரும் நிறுத்தவில்லை.

இந்தப் பேச்சில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு நிறுவனத்தில் யார் யாரோடு பேசுகிறார்களோ அந்த அமைப்பையே அதன் மென்பொருளும் பிரதிபலிக்கும் என்று கணினி அறிவியலாளர் மெல்வின் கான்வே 1968-இலேயே எழுதினார். கோபோலில் இருந்த நிரலை ஜாவாவுக்கு மாற்றிவிட்டு, ஒரு ஃபைல் மூன்று மேஜை ஏறி இறங்கும் முறையை அப்படியே விட்டுவைத்தால் பணம்தான் வீண். பயிற்சி வேண்டும், முன்கூட்டியே பேச வேண்டும். இவ்வளவும் சரி.

என் ஆட்சேபம், பல ஆண்டுகளாக நான் சொல்லிவருவது, ஒன்றே ஒன்று. ‘கலாச்சார மாற்றம்’ என்று பெயர் வைத்த அன்றே, மாற வேண்டியவர்கள் யார் என்பதும் முடிவாகிவிடுகிறது. அந்தப் பட்டியலில் சம்பளப் பிரிவு, கணக்குப் பிரிவு, கிடங்குப் பதிவேடு என்று கீழே உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் இருப்பார்கள். திட்டத்துக்குக் கையெழுத்திட்டவர் இருக்கமாட்டார். அந்த ஊழியர் “இது ஓடாது சார்” என்றால், அவர் சொன்னதைப் பிழை அறிக்கையாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. மனநிலைக் கோளாறாகக் குறித்துக்கொள்கிறார்கள்.

கனடா அரசின் ஃபீனிக்ஸ் சம்பள மென்பொருளைப் பாருங்கள். சுமார் 40 ஆண்டுப் பழைய அமைப்பை எடுத்துவிட்டு, 2016 பிப்ரவரியில் அதைக் கொண்டுவந்தார்கள். 2,90,000 ஊழியர்கள், 80,000-க்கும் மேற்பட்ட சம்பள விதிகள், ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சம் என்ற எதிர்பார்ப்பு. மென்பொருள் வருவதற்கு முன்பே 46 துறைகளில் இருந்த 1,200 சம்பள ஆலோசகர் பணியிடங்களை ஒழித்துவிட்டு, நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் மிராமிச்சி என்ற சிறு நகரில் 550 பேரை வைத்து ஒரு மையம் திறந்தார்கள்.

அந்த ஆலோசகர்கள் செய்த வேலை என்ன? ஒரு குமாஸ்தா ஆறு வாரம் மேலதிகாரியின் இடத்தில் பொறுப்பு வகிக்கிறார் என்று வையுங்கள். உத்தரவு இரண்டு மாதம் கழித்து வருகிறது. இடையில் பத்து நாள் மருத்துவ விடுப்பு. அதே சமயம் தொழிற்சங்க ஒப்பந்தம் கையெழுத்தாகி, அடிப்படைச் சம்பளம் முன்தேதியிட்டு உயர்கிறது. எந்த நாளுக்கு எந்த விகிதம், எதை முதலில் கணக்கிட்டு எதைப் பின்னால் கழிப்பது என்பது அந்த மேஜையில் இருந்தவருக்குத் தெரியும். அதில் பாதிகூட எந்த ஆவணத்திலும் இருக்காது. பழைய மென்பொருள் என்று நாம் சொல்வதில் இவரும் ஒரு பகுதி. இவரை முதலில் வெளியே அனுப்பிவிட்டுத்தான் புதியதைக் கொண்டுவந்தார்கள்.

ஃபீனிக்ஸ் தடுமாறியதற்குக் காரணம் ஊழியர்களின் பழமைவாதமா? கட்டிமுடிக்க 27.4 கோடி டாலர் ஆகும் என்று அதைக் கட்டும் பொறுப்பில் இருந்த ஐபிஎம் 2012-இல் சொன்னது. ஒதுக்கியிருந்தது 15.5 கோடி. கூடுதல் பணம் கேட்பதற்குப் பதில், திட்டத்தை நடத்திய அதிகாரிகள் வேலையைக் குறைத்தார்கள். 984 செயல்பாடுகளில் 100-க்கும் மேற்பட்டவை நீக்கப்பட்டன அல்லது தள்ளிவைக்கப்பட்டன. முன்தேதியிட்ட சம்பளத்தைக் கணக்கிடும் வசதியும் அதில் அடக்கம். ஒரு துறையில் மட்டும் முன்னோட்டம் பார்க்கும் திட்டத்தையும் கைவிட்டார்கள். துறைகள் தெரிவித்த கவலைகள் அவர்களைத் தடுக்கவில்லை. விளைவு: 2017 ஜூனில் 1,50,000-க்கும் மேற்பட்டோரின் சம்பளக் கோளாறுகள் தீராமல் கிடந்தன. சிலருக்கு மாதக்கணக்கில் சம்பளமே வரவில்லை.

பட்ஜெட்டைச் சுருக்கியது, சோதனையை வெட்டியது, தெரிந்தவரை அனுப்பியது. இந்த மூன்றில் எதையும் பயிலரங்கு நடத்திச் சரிசெய்ய முடியாது. ஆனால் பின்னால் அரசு கேட்டு வாங்கிய 2017 அறிக்கை நிறுவனக் கலாச்சாரத்தையும் மாற்ற மேலாண்மையையும் பாடமாகச் சொன்னது. ஆலோசகர்கள் அதையே தங்கள் கட்சிக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். கனடாவின் அப்போதைய தலைமைத் தணிக்கையாளர் மைக்கேல் ஃபெர்குசனும் 2018-இல் கலாச்சாரத்தைப் பற்றிப் பேசினார். ஆனால் அவர் கை காட்டிய திசை மேலே. தவறு நேர்ந்துவிடுமோ என்ற பயமும் சொன்னதைச் செய்யும் கீழ்ப்படிதலும்தான் நோய் என்றார். திட்டத்தின் பெரிய சிக்கல்களைத் தங்கள் துறையின் தலைமை அதிகாரியிடம்கூட அதை நடத்திய அதிகாரிகள் சொல்லவில்லை என்பது அவர் அறிக்கையில் இருக்கிறது. அந்தக் கலாச்சாரத்தை மாற்றத் தனியாக நிதி ஒதுக்கி நான் பார்த்ததில்லை. ஒதுக்குவதெல்லாம் கீழே இருப்பவர்களுக்கான பயிற்சிக்கும் சுவரொட்டிக்கும்தான்.

‘மாற்றத்துக்கு எதிர்ப்பு’ என்ற கருத்தை நிலைநாட்டிய ஆய்வைப் படித்தவர்களுக்கு, பழியைக் கீழே தள்ளும் இந்தப் பழக்கம் இன்னும் வருத்தம் தரும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஹார்வுட் பைஜாமா ஆலையில் நடத்திய அந்த ஆய்வை, கோச், ஃப்ரெஞ்ச் என்ற ஆய்வாளர்கள் 1948-இல் வெளியிட்டார்கள். வேலைமுறை மாறியபோது, மாற்றத்தைத் திட்டமிடுவதில் தாங்களே பங்கெடுத்த தொழிலாளிகள் விரைவில் பழைய உற்பத்தியை எட்டி, தாண்டியும் போனார்கள். மேலிருந்து அறிவித்துவிட்டு மாற்றிய குழுதான் முணுமுணுத்தது, அதில் சிலர் வேலையை விட்டும் போனார்கள். முடிவெடுக்கும் இடத்தில் தொழிலாளிக்கு நாற்காலி கொடு என்பதே அந்த ஆய்வின் முடிவு. எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் அந்த நாற்காலியை எடுத்துவிட்டு, ‘எதிர்ப்பு’ என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டோம்.

சென்னையின் ஓஎம்ஆர் சாலையில் வெளிநாட்டு வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் பழைய மென்பொருளை மாற்றித் தரும் வேலையைச் செய்கிற நண்பர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் யாராவது கலாச்சாரம் பற்றிப் பேச ஆரம்பித்தால், வெட்டிய செயல்பாடுகளின் பட்டியலையும் சோதனை முடிவுகளையும் முதலில் கேளுங்கள். வாடிக்கையாளரின் சம்பளப் பிரிவில் இருபது ஆண்டு இருந்தவரை அந்த அறைக்குள் அழைத்து உட்காரவையுங்கள். அவர் இது ஓடாது என்றால், ஓடும் தேதியைத் தள்ளிவையுங்கள்.