பிரியும் முன் பாடிய ஜோடிப் பாட்டு

நம்மவர் வீடுகளில் அதிகம் ஒலிக்காதது அமெரிக்காவின் 'கண்ட்ரி' இசை. அதில் ஜார்ஜ் ஜோன்ஸ், டாமி வினெட் தம்பதியருக்குத் தனி இடம் உண்டு. 1969-இல் மணந்து 1975-இல் விவாகரத்துப் பெற்றவர்கள். இடையில், 1973-இல் வெளிவந்தது 'வி ஆர் கானா ஹோல்ட் ஆன்' என்ற ஆல்பம். 'விட்டுவிட மாட்டோம்' என்று பொருள் கொள்ளலாம். தலைப்புப் பாட்டை எழுதியதில் ஜோன்ஸுக்கும் பங்குண்டு.

அவருடைய குடிப்பழக்கம் ஊரறிந்த சேதி. அதனால் 'என்னமா நடிச்சிருக்காங்க!' என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

குரலைக் கவனியுங்கள். ஜோன்ஸ் சொல்லைப் பல்லிடுக்கில் அடக்கி, சுரத்தை வளைத்து வளைத்து, மனசில்லாமல்தான் வெளியே விடுகிறார். டாமி அடக்கமாகத் தொடங்கி, மேலே ஏறும்போது விசும்பலின் விளிம்புக்கே போய்விடுகிறார். ஒருவர் குரலை மற்றவர் அமுக்கப் பார்ப்பதே இல்லை. (தயாரிப்பாளர் பில்லி ஷெரில் வயலின்களையும் கோரஸையும் அள்ளிக் கொட்டுவது மட்டும் எனக்குத் திகட்டுகிறது.)

பிரிந்த பிறகும், 1976-இல், 'கோல்டன் ரிங்' பாடினார்கள். அடகுக் கடையில் வாங்கிய கல்யாண மோதிரம் அடகுக் கடைக்கே திரும்பி வரும் கதை. அதுதான் உண்மையான பாட்டு, முன்னது வேஷம் என்பது பலர் கட்சி. நல்ல பாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் முடிவு தெரிந்த இரண்டு பேர் நிதானமாகக் கதை சொல்கிறார்கள். 1973-இல் பாடியவர்களுக்கு முடிவு தெரியாது. அந்தப் பதைப்பு டாமியின் குரலில் அப்படியே கேட்கிறது.