கோணமும் காற்றும்

காரை ரசித்து ஓட்டுகிறவர்கள் முதலில் பணத்தைக் கொட்டுவது அலாய் வீலிலும் தாழ்த்திய ஸ்பிரிங்கிலும்தான். வீல் அலைன்மென்ட்டுக்கும் டயர் காற்றுக்கும் ஆவது அதில் சிறு பங்கு. ஆனாலும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் கார் எப்படித் திரும்பும் என்பது பெரிதும் இவற்றைப் பொறுத்தது. அதனால் இவற்றில் கவனம் வைக்கிறவர்களை நான் பாராட்டுகிறேன். பந்தயத் தளத்து எண்களை அப்படியே ஊர்ச் சாலைக்குக் கொண்டுவருவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணமான கேம்பரை எடுத்துக்கொள்வோம். நம் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் சஸ்பென்ஷன். வளைவில் உடல் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் கூடவே சாய்கிறது. பாரமெல்லாம் டயரின் வெளி ஓரத்தில் இறங்குகிறது. சக்கரத்தின் மேற்பகுதியை முன்கூட்டியே சற்று உள்ளே சாய்த்துவைத்தால் வளைவில் டயர் அகலமாகப் பதியும், முன்பக்கம் வெளியே ஒதுங்குவது குறையும். இந்தப் பலன் மெய்யானது. ஆனால் மூன்று டிகிரி வைக்கும் பந்தய ஓட்டுநர் சுற்றுக்குச் சுற்று டயரின் எல்லையிலேயே இருப்பவர். நாமோ பெரும்பாலும் நேர்ச்சாலையில் போகிறோம். மழையில் திடீரென பிரேக் போடும் கணத்தில் நமக்குத் தட்டையாகப் பதிந்த டயர்தான் வேண்டும். ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை டிகிரி போதும்.

மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் கோணமான டோதான் உண்மையில் பெரிய விஷயம். அதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறார்கள். ஓடும் திசைக்கு ஒரு சக்கரம் ஒரு டிகிரி திரும்பி நின்றால், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 17 மீட்டர் பக்கவாட்டில் உரசிக்கொண்டே போகிறது என்று பொருள். அதே ஒரு டிகிரி கேம்பர் டயரை இப்படித் தின்பதில்லை. முன்சக்கரங்களைச் சற்று வெளிநோக்கி வைத்தால் ஸ்டீயரிங் தொட்டதும் கார் பாயும்; முதல் நாள் மனம் துள்ளும். ஆனால் மலையடிவாரம் போய்ச் சேர நாற்கரச் சாலையில் பல மணி நேரம் ஓட்ட வேண்டுமே. அங்கே கார் ஒவ்வொரு தடத்தையும் பிடித்து அலையும், கை சோர்ந்துவிடும். பின்சக்கரங்கள் வெளிநோக்கி நிற்பது இன்னும் மோசம்: இறக்கத்து வளைவில் ஆக்சிலரேட்டரை விட்ட நொடியில் வால் விலகப் பார்க்கும். முன்னால் பூஜ்யம் அல்லது மயிரிழை உள்நோக்கு என்பதே என் தேர்வு. கேம்பரை மாற்றினால் டோவும் மாறும் என்பதால் டோவைக் கடைசியாகத்தான் சரிசெய்ய வேண்டும். புஷ்ஷும் பால் ஜாயின்டும் ஆடிப்போயிருந்தால், அலைன்மென்ட் கருவியின் திரையில் தெரியும் எண்கள் கார் நகர்ந்ததுமே பொய்யாகிவிடும்.

காற்றழுத்தத்தின் வலிமையையும் ஆபத்தையும் ஒருசேரக் காட்டிய கார் ஷெவர்லே கோர்வேர். 1960 மாடலாக வந்த அந்தக் காருக்கு எஞ்சின் பின்னால். பின் அச்சோ வளைவில் சக்கரத்தைக் கவிழ்க்கக்கூடிய ஸ்விங் ஆக்சில். நிறுவனம் முன்டயருக்கு 15, பின்டயருக்கு 26 பிஎஸ்ஐ என்று குறித்து அதைச் சமாளித்தது. நான்கிலும் ஒரே அளவு நிரப்பினால் அந்தச் சமநிலை போய்விடும். அமெரிக்க நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நாடர் 1965இல் தம் நூலில் இதைச் சாடினார். மற்ற கார்களைவிட அது மோசமில்லை என்று 1972இல் அமெரிக்க அரசின் அறிக்கை சொன்னது. எப்படியிருந்தாலும், ஒரு காரின் பாதுகாப்பைப் பதினொரு பிஎஸ்ஐ வித்தியாசத்தின் மேல் நிறுத்திவைப்பது சரியான பொறியியல் ஆகாது. இன்று வளைவுக்காகக் காற்றைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

கதவோரத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைவிட இரண்டு பிஎஸ்ஐ கூட்டினால் டயரின் பக்கச்சுவர் விறைத்து, ஸ்டீயரிங் கூர்மையாகும். அதை நான் ஏற்கிறேன். அதற்கு மேல் ஏற்றினால் பெயர்ந்த தார்ச்சாலையில் சக்கரம் துள்ளும், துள்ளுகிற சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லை. அளப்பது டயர் குளிர்ந்திருக்கும்போதுதான். வெப்பம் ஐந்தாறு டிகிரி செல்சியஸ் ஏறினாலே ஒரு பிஎஸ்ஐ கூடிவிடும். நெடுஞ்சாலையில் சூடேறி வந்த டயரைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிட்டு மலையேறுகிறவர், மறுநாள் காலை தளர்ந்த டயரோடு இறக்கத்தில் இறங்குகிறார். பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கி நிறையப் பெட்டிகளும் இருந்தால், தனியாக ஓட்டிப் பார்த்து வைத்த அளவு எதுவும் பொருந்தாது. அன்றைக்குத் தூணில் முழுப் பாரத்துக்கென்று எழுதியிருக்கும் எண்ணையே நிரப்புங்கள்.