ரொபின்சனின் வாரிசுகளும் வன்னிக் காடும்

கடந்த இருபது ஆண்டுக் காலத்தில் தொலைக்காட்சி ஒரு புதிய கதாநாயகனைத் தோற்றுவித்திருக்கிறது. அவன் வாளேந்துவதில்லை, காதல் புரிவதில்லை. ஆளரவமற்ற காட்டிலோ, பாலைவனத்திலோ, பனிவெளியிலோ ஒரு கத்தியுடன் இறங்கி, கிடைத்ததைத் தின்று, கிடைத்த இடத்தில் உறங்கி, உயிருடன் வெளியே வருவதே அவனது தொழில். இத்தகைய நிகழ்ச்சிகளை நம் மாணவர்கள் பெருவிருப்புடன் பார்க்கின்றனர். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் கற்பிக்கும் நாம் இவற்றை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. உயிர் பிழைத்தல் என்பது இம்மண்ணில் விளையாட்டுப் பொருளன்று. ஆகவே இந்நிகழ்ச்சிகளை நாம் மூன்று வினாக்களைக் கொண்டு மதிப்பிட வேண்டும். பிழைப்பவர் யார்? எந்த அறிவினால் பிழைக்கிறார்? எதனிடமிருந்து பிழைக்கிறார்?

இக்கதாநாயகனின் மூதாதையை இலக்கிய மாணவர் நன்கறிவர். 1719-இல் டானியல் டீபோ எழுதிய ரொபின்சன் குரூசோவே அவன். தனியொருவன் தன் கைவன்மையால் ஒரு தீவையே உலகாக்கிக்கொண்டான் என்னும் அக்கதை வளர்ந்துவந்த வணிக வர்க்கத்துக்குப் பெரிதும் உவப்பாக இருந்தது. சமுதாயத்துக்கு வெளியே நின்று உழைக்கும் தனிமனிதனைப் பொருளியலின் தொடக்கமாகக் கொண்டோரை மார்க்ஸ் 1857-இல் எழுதிய முன்னுரையொன்றில் எள்ளி நகையாடினார். குரூசோ தனியனாக வாழ்ந்தது உண்மைதான். ஆனால் உடைந்த கப்பலிலிருந்து அவன் கரைசேர்த்த கோடரியும் துப்பாக்கியும் தானியமும் எத்தனையோ பேரின் உழைப்பல்லவா? இவ்வுண்மையை மனத்திருத்திக்கொண்டு இன்றைய வாரிசுகளை நோக்குவோம்.

முதலாமவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பியர் கிறில்ஸ். பிரித்தானிய விசேட படையணியின் சேமப் பிரிவிற் பணியாற்றியவர். 1998-இல் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்தவர். 2006-இல் டிஸ்கவரி அலைவரிசையில் தொடங்கிய 'மேன் வேர்சஸ் வைல்ட்' அவரை உலகப் புகழுக்குரியவராக்கியது. மனிதனையும் காட்டையும் பகைவராக எதிரெதிரே நிறுத்தும் அத்தலைப்பே அவரது தத்துவமுமாகும். அருவியைக் கண்டால் அவர் குதிக்கிறார். புழுவைக் கண்டால் விழுங்குகிறார். காட்டில் வாழும் மனிதன் ஒருபோதும் செய்யாத செயல்கள் இவை. காட்டை அறிந்தவன் காலை முறித்துக்கொள்ளும் வழியை நாடான். சுற்றிச் செல்லும் வழியையே நாடுவான். காட்டில் இரவைக் கழிப்பதாகக் காட்டப்பட்ட சில சந்தர்ப்பங்களில் கிறில்ஸ் விடுதியில் உறங்கினார் என்பது 2007-இல் வெளிப்பட்டது. படப்பிடிப்புக் குழுவின் உதவி உண்டு, சில நிலைமைகள் செயல்விளக்கத்துக்காக அமைக்கப்படுகின்றன என்ற அறிவித்தல் அதன் பின்னரே நிகழ்ச்சியிற் சேர்க்கப்பட்டது. விடுதியில் உறங்கியமை பெருங்குற்றமன்று. கமராக்காரரும் வழிகாட்டிகளும் சுமை தூக்குவோரும் சேர்ந்து செய்த வேலையைத் தனியொருவனின் வீரமாகக் காட்டியமையே இங்குக் கண்டிக்கத்தக்கது.

இரண்டாமவர் கனடாவைச் சேர்ந்த லெஸ் ஸ்ரவுட். அவரது 'சேர்வைவர்மேன்' தொடர் 2005-இல் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அவருடன் கமராக்காரர் இல்லை. ஏழு நாள் தனித்திருந்து, கமராக்களைத் தாமே சுமந்து, தாமே நிறுத்தி, அதன் முன்னால் நடந்து, பின்னர் திரும்பிவந்து அதை எடுத்துச் செல்கிறார். ஆகவே ஒரே வழியைப் பலமுறை நடக்க வேண்டியவராகிறார். இங்கே வீரதீரம் குறைவு, பசி அதிகம். பொறியில் எதுவும் அகப்படவில்லை, தீ மூளவில்லை, உடல் சோர்கிறது என்று அவர் ஒளிக்காமற் கூறுகிறார். யதார்த்தத்தின்பால் அவருக்குள்ள இம்மதிப்பினால் அவர் கிறில்ஸைவிட உயர்ந்து நிற்கிறார் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அவரது யதார்த்தமும் ஓர் எல்லைக்குட்பட்டதே. ஏழாம் நாள் முடியும் என்பதை அவர் அறிவார். முடியும் நாளை அறிந்தவனின் பசியும் அறியாதவனின் பசியும் ஒன்றாகா.

மூன்றாமவர் ரே மியேர்ஸ். அவரும் இங்கிலாந்துக்காரரே, எனினும் அவரது பார்வை வேறு. காட்டை அவர் வெல்ல முயல்வதில்லை. காட்டில் வாழ்ந்தவர்களிடம் மாணவராக அமர்கிறார். 2004-இல் வெளிவந்த அவரது தொடரொன்றில் கனடாவின் அல்கொங்குவின் இனத்தைச் சேர்ந்த ஒரு கைவினைஞர் மரப்பட்டையாற் படகு செய்வது படிப்படியாகக் காட்டப்படுகிறது. 2007-இல் தொல்தாவரவியல் அறிஞர் கோர்டன் ஹில்மனுடன் சேர்ந்து, பிரித்தானியாவின் பழங்கால வேட்டைச் சமூகங்கள் எவற்றை எவ்வாறு உண்டிருக்கலாம் என்று ஆராய்ந்தார். அறிவு என்பது தலைமுறைகளின் கூட்டுச் சொத்து என்ற எண்ணம் இந்நிகழ்ச்சிகளில் உண்டு. மூவருள் மியேர்ஸுக்கே நாம் முதலிடம் தருவோம். ஆனால், அந்தக் கைவினைஞரின் மூதாதையர் வாழ்ந்த காடு இன்று யார் கையில் இருக்கிறது என்ற வினா அவரிடமும் ஓரத்திலேயே நின்றுவிடுகிறது.

இந்த வினாவை ஒதுக்கிவிட்டால் காடு எதற்குப் பயன்படும் என்பதை இந்தியாவில் நிகழ்ந்தவை காட்டுகின்றன. 2019 ஆகஸ்ட் 12-இல் ஒளிபரப்பான நிகழ்ச்சியில் ஜிம் கோர்பெட் வனத்தில் கிறில்ஸுடன் நடந்தவர் இந்தியப் பிரதமர் மோடி. 2020 மார்ச் 23-இல் பந்திப்பூர் வனத்தில் அவருடன் தோன்றியவர் நடிகர் ரஜினிகாந்த். அதிகாரமும் புகழும் உடையோர் எளிய மனிதராகக் காட்சி தருவதற்கு அடர்ந்த காட்டைவிடப் பொருத்தமான திரைச்சீலை கிடைப்பது அரிது. அப்பகுதிக் காடுகளிலே தேனெடுத்து வாழ்ந்த ஜேனு குறும்பர், புலிகளைப் பாதுகாத்தல் என்னும் பெயரால் 1970-களிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள். அக்காட்டில் உயிர் பிழைக்கும் கலையை உண்மையில் அறிந்தவர் அவர்களே. கதாநாயகர்களோ பலத்த பாதுகாப்புடன் வந்துபோன விருந்தினர். அந்நிகழ்ச்சி ஒளிபரப்பான மறுநாள், 2020 மார்ச் 24-இல், இந்தியா முழுவதும் முடக்கப்படுவதாகப் பிரதமர் அறிவித்தார். வேலையும் கூலியும் இழந்த தொழிலாளர் இலட்சக்கணக்கில் நெடுஞ்சாலைகளில் இறங்கி, பிள்ளைகளைத் தோளிற் சுமந்து, நூற்றுக்கணக்கான மைல் தூரத்திலிருந்த ஊர்களை நோக்கி நடந்தனர். தண்ணீரைத் தேடும் வழியை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எந்தத் தொகுப்பாளரும் வரவில்லை.

தமிழில் வந்த நிகழ்ச்சியைப் பற்றியும் கூற வேண்டும். 1997-இல் சுவீடனில் 'எக்ஸ்பெடிஷன் ரொபின்சன்' என்ற பெயரில் ஒரு போட்டி நிகழ்ச்சி தொடங்கிற்று. குரூசோவின் பெயரை வெளிப்படையாகவே சூடிக்கொண்ட அந்நிகழ்ச்சி 2000-இல் அமெரிக்காவில் 'சேர்வைவர்' ஆயிற்று. 2021 செப்டம்பரில் நடிகர் அர்ஜுன் தொகுத்து வழங்க, சான்சிபாரில் படமாக்கப்பட்டு, ஜீ தமிழில் வந்தது. பரிசு ஒரு கோடி ரூபா. இங்கே பிழைத்தல் என்பது உடனிருப்போரை வாக்களித்து வெளியேற்றுவதாகும். உறவு கொள்வதும் பின்னர் அதனை உரிய நேரத்தில் முறிப்பதும் திறமையாகப் பாராட்டப்படுகின்றன. போட்டிச் சந்தையின் நியாயம் காட்டின் நியாயமாக வேடமிட்டு வருகிறது. அணிகளுக்குச் சூட்டப்பட்ட பெயர்களோ 'காடர்கள்', 'வேடர்கள்'. காடர் என்போர் ஆனைமலையில் வாழும் மக்கள். வேடர் என்போர் இலங்கையில் நம்முடன் வாழும் மக்கள். வாழும் மனிதரின் பெயர் இங்கு விளையாட்டு வீரரின் தலைப்பட்டியாகிவிட்டது. வெளியேற்றப்பட்டோர் அனுப்பப்பட்ட தீவுக்கு 'மூன்றாம் உலகம்' என்று பெயரிட்டனர். பெயரிட்டோர் அதன் பொருளை எண்ணிப் பார்த்தனரோ இல்லையோ, தம் உலக நோக்கை அவர்கள் ஒளிக்கவில்லை.

இனி நம் வன்னிக்கு வருவோம். விசுவமடு, மாங்குளம், தண்ணீரூற்று, நெடுங்கேணி, தண்ணிமுறிப்பு என்னும் பெயர்களைக் கூர்ந்து நோக்குக. மடு, குளம், ஊற்று, கேணி என்று நீர் இருக்கும் இடத்தையே நம் முன்னோர் ஊருக்குப் பெயராக்கினர். பாலைப்பழமும் வீரைப்பழமும் கனியும் காலம், முசுட்டையும் முடக்கொத்தானும் படரும் வேலி, தேன்கூடு தங்கும் மரப்பொந்து, யானை இறங்கும் பாதை, பயிர் காக்கும் பரண் ஆகியவற்றைப் பற்றிய அறிவு தனியொருவனுடையதன்று. 1977-இன் இனவன்செயலின் பின்னர் மலையகத்திலிருந்து அகதிகளாக வந்து இங்குக் காடு வெட்டிக் குடியேறியோரும் மலேரியாவுக்கும் பசிக்கும் நடுவில் ஒருவர் தோளை ஒருவர் பற்றியே நிலைத்தனர். இவ்வாழ்வை அ. பாலமனோகரன் 1973-இல் வெளிவந்த 'நிலக்கிளி' நாவலில் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டு சித்திரித்தார். அங்கே காடு பகைவனுமன்று, மேடையுமன்று, உழைப்பின் களம். அந்தத் தண்ணிமுறிப்பின் மக்கள் 1984-இல் ஊரைவிட்டு ஓடியது காட்டுக்கு அஞ்சியன்று, மனிதருக்கு அஞ்சியே.

நாம் எழுப்பிய மூன்றாம் வினாவுக்கு விடை இங்கேதான் கிடைக்கிறது. தொலைக்காட்சியில் பசி இயற்கையிலிருந்து வருகிறது. வன்னியில் அது அவ்வாறு வரவில்லை. 2008 செப்டம்பரில் ஐ.நா. நிறுவனங்களும் பிற தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறுமாறு அரசாங்கம் பணித்தது. 2009-இன் தொடக்கத்தில் போர்வலயத்தில் சுமார் 70,000 பேரே உள்ளனர் என்று அது கூறிவந்தது. போர் முடிந்தபோது செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டோர் 280,000-க்கும் அதிகம். ஓர் எண்ணைக் குறைத்தெழுதி மக்களின் சோற்றையும் மருந்தையும் குறைத்தனர் என்பதை 2011-இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கையும் குறிப்பிட்டது. வெளியேற முயன்ற மக்களை விடுதலைப் புலிகள் தடுத்தனர், சுட்டனர் என்பதையும் அதே அறிக்கை கூறியது. இவ்விரண்டுக்கும் இடையில் மக்கள் உயிர் பிழைத்தது எதனால்? அரிசியும் நீரும் உப்பும் கொண்ட கஞ்சியைப் பகிர்ந்ததனால். கூறைச் சேலையையும் மண்மூட்டையாகத் தைத்துப் பதுங்குகுழி அமைத்ததனால். பெற்றோரை இழந்த அயலார் பிள்ளையையும் கையிற் பிடித்து நடந்ததனால். ஒருவரை வெளியேற்றி ஒருவர் வெல்லும் போட்டியன்று அது. பகிர்ந்தும் பிழைக்காதோர் பல்லாயிரவர் என்பதனால், பிழைத்தோரை வீரர் என்று புகழ்ந்து அத்துடன் அமைதி கொள்ளவும் நமக்கு உரிமையில்லை. மக்களின் தாங்குதிறனை மட்டும் வியந்து பாராட்டுவோர், அவர்கள் தாங்க நேர்ந்தது யாரால் என்ற கேள்வியைப் புதைத்துவிடுகின்றனர்.

இந்நிகழ்ச்சிகளால் நன்மையே இல்லையா என்று நண்பர் கேட்கலாம். உண்டு. ஸ்ரவுட்டின் நேர்மையும் மியேர்ஸின் பணிவும் இளைஞருக்கு நல்ல பாடங்கள். கிறில்ஸும்கூடச் சோம்பிக் கிடக்கும் பிள்ளையை வெளியே நடக்கத் தூண்டக்கூடும். பார்க்க வேண்டாமென்று தடுப்பது நமது நோக்கமன்று. பார்த்தபின் கேட்கக் கற்பிப்பதே நோக்கம்.

இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருப்போரிற் பெரும்பாலோர் 2009-க்குப் பின் பிறந்தவர்கள். அமேசன் காட்டில் தீ மூட்டும் முறையை அவர்கள் அறிவர். தம் தாய் மாத்தளனில் எதை உண்டாள் என்பதை அறியார். தாய்மார் பேசத் தயங்குகின்றனர். பிள்ளைகள் கேட்கத் தயங்குகின்றனர். இந்த மௌனம் இன்னும் ஒரு தலைமுறை நீடிக்குமாயின், பிழைத்தோரின் அறிவும் இழப்பின் சாட்சியமும் ஒருங்கே அழியும். ஆகவே தமிழ்ப் பாடத்தின் கட்டுரைப் பயிற்சிக்கு வழக்கமான தலைப்புகளுடன் இதனையும் சேர்ப்போம்: நம்மூரில் நீர் எங்கே இருந்தது, பஞ்சத்தில் எந்த இலை உணவாயிற்று, இடம்பெயர்ந்த வழியில் யார் யாருக்கு உதவினர், யார் மறித்தனர். சொல்ல விரும்புவோரிடம் மட்டும், சொல்ல விரும்பும் அளவுக்கே, மாணவர் கேட்டு எழுதட்டும். கதாநாயகன் எவனுமில்லாத அப்பக்கங்களைத் தொகுத்துப் பாதுகாப்பது இவ்விதழைப் படிக்கும் ஆசிரியர் ஒவ்வொருவராலும் இயலக்கூடிய பணியாகும்.